வேம்புலி அளந்த நண்டுகள்

நண்டைக் கையில் எடுத்ததும் வேம்புலி முதலில் அதை மல்லாத்துவார். அடிவயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கியிருந்தால் ஆண். பிறகு ஓட்டின் அகலத்தை இரும்பு இடுக்கி அளவுகோலால் கவ்விப் பிடித்து, வாய்க்குள் எண்ணைச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவார். வீட்டுக் குழம்பில் வெந்து கிடக்கும் நண்டையும் இப்படித்தான் புரட்டுவார். "துன்ன குந்துனியா, அளக்க குந்துனியா?" என்பாள் மனைவி கஸ்தூரி. பாவம், அவருக்கே தெரியாது.

ஊர் வெள்ளானூர். அப்பன் பாட்டன் எல்லாம் நாற்றங்காலில் குனிந்தவர்கள். இவருக்கு வாய்த்ததோ நண்டு அளக்கும் உத்தியோகம். பழவேற்காட்டு ஏரி நண்டு வருஷத்துக்கு வருஷம் பெருக்கிறதா, சிறுக்கிறதா என்று ஆவடிச் சந்தையில் வைத்து அளந்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தொண்ணூறாம் வருஷத்திலிருந்து மூன்று வருஷமாக, நண்டு விற்கும் குப்பம்மா கூடையிலிருந்து பத்து நண்டு எடுத்துக் கொடுப்பாள், இவர் அளப்பார்.

நோட்டின்படி நண்டுகள் அமோகம். சராசரி பதினாலு சென்டிமீட்டர், இம்மி இறங்கவில்லை. ஆனால் சந்தைக்கு வரும் கூடைகள் பாதியாகிவிட்டன. நண்டு என்று வெறும் ஓட்டைத்தான் வாங்கிப் போகிறோம் என்று தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள். எதை நம்புவது? வேம்புலிக்குத் தலை கிறுகிறுத்தது. திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும். நண்டு சிறுத்துவிட்டது என்று எழுதினால் ஏரியில் இரண்டு மாதம் வலை போடக் கூடாது என்பார்கள்; குப்பம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. நன்றாயிருக்கிறது என்று எழுதி அது பொய்யானால், நாலு வருஷத்தில் அவள் விற்பதற்கு நண்டே இருக்காது.

ஞாயிறு காலை கேட்டே விட்டார். "நீ எட்துக் குடுக்குறது எந்த நண்டு குப்பம்மா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா நைனா கேக்குற? சர்க்கார் நோட்டுல என் பேரு போட்டு எழுதுற. அதுக்குப் போயி பொடிசக் குடுப்பனா? கீறதுலயே நல்லதா பாத்து உனுக்குன்னு எட்து வெப்பேன்."

மூன்று வருஷம்! வேம்புலிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல அவள் பொறுக்கி வைத்ததை அளந்துவிட்டு, ஏரியையே அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. இத்தனை மரியாதையை மாமனார் வீட்டில்கூட அவருக்கு யாரும் செய்ததில்லை.

இரண்டு மாத வலைத் தடை சங்கதியையும் மறைக்காமல் சொன்னார். குப்பம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மெய்யாலுமே கொறஞ்சிபோச்சா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை என்றார்.

அவள் எழுந்து, கூடையைத் தூக்கிச் சாக்கின் மேல் அப்படியே கவிழ்த்தாள். அடியிலிருந்து உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் சரிந்து நாலா பக்கமும் ஊர்ந்தன. வேம்புலியின் கை பழக்கத்தில் பெரிய நண்டின் பக்கம் போயிற்று. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சின்னதின் பக்கம் போயிற்று. அதுவும் பொறுக்குவதுதானே என்று மறுபடி இழுத்துக்கொண்டார்.

"கையி பத்திரம் நைனா. பொடிசுங்களுக்குக் கொடுக்கு கட்டல" என்றாள் குப்பம்மா.

வேம்புலி கண்களை இறுக மூடிக்கொண்டு, குவியலுக்குள் கையை விட்டார்.