பொட்டு வைத்த சொற்கள்

நீளமான ஆங்கிலச் சொற்களை நான் துண்டு போட்டுத்தான் படிப்பேன். முதலில் அசைகள், பிறகு வேர், வால், கடைசியாக அழுத்தம் விழும் அசையின் தலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு. எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்தப் பொட்டுதான் நினைவூட்டல். காரைக்குடியில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் ஒரு நோட்டு நிரம்பியிருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரி நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நோட்டும் கிடையாது, பொட்டும் கிடையாது. ஆனால் அவள் பேசினால் ஆட்கள் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் எங்கள் வேலையை விளக்கிப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் செய்றீக. புதன்கிழமை பேசிக் காட்டுங்க, ஒருத்தர எடுத்துக்குறேன்."

மூன்று வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

செவ்வாய் மாலை அவள் கேட்டாள். "அடியே, உன் பொட்டு நோட்டக் குடேன். காலையில கொண்டாந்துருவேன்."

"நான் படிக்க வேணாமா?"

"நீதான் தூக்கத்துலயே ஒப்பிப்பியே!"

கொடுக்குமுன் கழிவறைக்கு எடுத்துப்போய் 'கம்-பே-ட்டி-பில்-இ-ட்டி' இருந்த பக்கத்தைத் திறந்தேன். 'கம்பேட்டிபிள்' என்று நிற்கும்வரை அழுத்தம் 'பே'யில் இருக்கும். 'இட்டி' என்ற வால் சேர்ந்ததும் 'பில்'லுக்கு நகர்ந்துவிடும். நகத்தால் பொட்டைப் பெயர்த்து 'பே'யின் மேல் ஒட்டினேன். மறுநாள் பேச்சில் அந்தச் சொல் ஐந்து இடத்தில் வரும்.

புதன் காலை நோட்டை மேசையில் வைத்தாள். "ஒரு பொட்டு எடம் மாறிக் கெடந்துச்சுடி. பழைய பச அச்சு தெரிஞ்சுச்சு, அங்குட்டே ஒட்டிட்டேன். அதப் பாத்து நீ தப்பாச் சொல்லிரக் கூடாதுல்ல?"

அவள் முகத்தில் குத்தல் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதலில் நான் பேசினேன். ஓர் அசைகூடப் பிசகவில்லை. மேலாளர் இரண்டு முறை போனைப் பார்த்தார். அடுத்து அவள். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கினாள்.

"பொறுங்க சார், இது நீள ரயிலு, பெட்டி பெட்டியாத்தான் வரும்" என்று சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். அவரும் சிரித்து, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டுக் கேட்டார். வாய்ப்பு அவளுக்கே போனது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு துண்டுத்தாளோடு ஓடி வந்தாள். 'இன்-டர்-ஆ-ப்ப-ர-பில்-இ-ட்டி' என்று அவளே பிரித்து எழுதியிருந்தாள்.

"இது உன் நோட்டுல இல்லடி. பொட்ட எங்க வைக்க?"

எங்கே வைத்தாலும் நம்பியிருப்பாள். அந்த நம்பிக்கையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்தேன். தேவைக்கு மேல் சில நொடிகள் அது என் விரல் நுனியிலேயே இருந்தது. பிறகு 'இட்டி' வாலுக்கு முன்னால் இருந்த 'பில்'லின் மேல் வைத்து அழுத்தினேன்.