கதவுக்கு எதிரே எழுந்த சுவர்

காட்பாடிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மருத்துவ மையத்தில் நான் நர்ஸ். எட்டுப் படுக்கை மட்டுமே இருந்த மையத்தை மூன்று மடங்காகப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காக மையத்தை மூட முடியுமா? ஒரு பாதியில் இடித்துக்கொண்டிருந்தார்கள், மறுபாதியில் நாங்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

வேலை ஆரம்பித்த சமயத்தில் சைட் இன்ஜினியர் ஒருநாள் வரைபடத்தை என் மேசையில் விரித்தார். புதிய அவசர சிகிச்சை அறையின் கதவுக்கு எதிரே மருந்துக் கிடங்குக்காக ஒரு சுவர் வரும் என்றார்.

"ஸ்ட்ரெச்சர் போக வர செரியா இருக்குமா, ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

வெளியே காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கோடுகளைப் பார்த்தேன், அளவுகளைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சுவர் எழும்பிய மறுநாள் மதியம், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். காலையில் ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். அதோடு போய்ப் பரீட்சையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

"கழுத்து புடிச்சிகிச்சு சிஸ்டர். ஸ்ப்ரே இருந்தா அடிச்சி வுடுங்க, போய்ட்றேன்."

புதிய அறையில் படுக்க வைத்தேன். டாக்டரம்மா வந்து தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கை இறுக்கியது. இடது கை இறுக்கவில்லை.

"எப்பலேர்ந்து இப்டி இருக்குது?"

"எழுதறப்பவே பேப்பர அழுத்திப் பிடிக்க முடியல மேடம்."

டாக்டரம்மா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "இனிமே இந்தப் பொண்ணு எழுந்து உக்காரக் கூடாது. தலைய இம்மி கூட திருப்பக் கூடாது. ஒடனே வேலூருக்கு அனுப்பணும்."

கழுத்துப் பட்டை போட்டு, முதுகெலும்பில் அடிபட்டவர்களைக் கிடத்தும் நீளப் பலகையில் அவளை மாற்றி, பெல்ட்டுகளால் இறுக்கிக் கட்டினோம். ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றது. டிரைவரும் நாங்களுமாகப் பலகையைத் தூக்கிக் கதவைத் தாண்டினோம். கால் பக்கம் எதிர்ச்சுவரில் முட்டியது. பின்வாங்கி, தலைப் பக்கத்தை முன்னால் விட்டுப் பார்த்தோம். அப்போதும் முட்டியது. அந்தத் திருப்பத்தில் பலகை திரும்பவே இல்லை.

"நிமித்திப் புடிச்சா போய்டும் மேடம்," என்றார் டிரைவர்.

"பெல்ட் ஒண்ணு எளகிச்சின்னா? கூடாது," என்றார் டாக்டரம்மா.

ஜன்னல்களில் அப்போதுதான் கிரில் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வேறு வழி கிடையாது. என் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சத்தம் கேட்டு ஒடுகத்தூர்க்காரரான மேஸ்திரி வந்தார். சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"நேத்து கட்னது, இன்னும் பச்சையாத்தான் இருக்குது. ஒவ்வொரு கல்லா கழட்டிட்றேன். ஆனா கொஞ்சம் அதிரும்."

அதற்குள் இன்ஜினியர் மாடியிலிருந்து ஓடிவந்தார். "மேல ஒரு வார்த்த கேக்கணும் மேடம்."

"கேளுங்க. அதுக்குள்ள அவர் கழட்டட்டும்," என்றார் டாக்டரம்மா.

பலகையைத் திரும்பக் கட்டில்மேல் வைத்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்து, முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வெளியே உளி இறங்கியது. ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஏறி என் முழங்கைக்கு வந்தது. அது அவள் கழுத்துக்குப் போகாமல் இருக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு சிஸ்டர் செவுத்த ஒடைக்கிறாங்க?"

"வழி குறுகலா இருக்குதும்மா."

"நான் நடந்துதான வந்தேன்?"

அவள் பையில் போன் அடித்தது. "அம்மாவாத்தான் இருக்கும். ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேல. டீ டைம்லதான் பேச வுடுவாங்க."

என்னால் கையை எடுக்க முடியவில்லை. போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்து என் விரலில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், இப்ப மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போவுது," என்றாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அஞ்சி நிமிஷம்மா, அஞ்சே நிமிஷம்!"

சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் பலகையை அதற்குமேல் தூக்கித் திருப்பினோம். கூலி ஆட்களும் வந்து கைகொடுத்தார்கள். பாலாற்றுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் தலையை நான் விடவில்லை. கழுத்தெலும்பில் விரிசல், நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை என்றார்கள். அன்றே ஆபரேஷன் நடந்தது.

சில நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். எல்லோரும் இன்ஜினியரையே பார்த்தார்கள். நான் கையெழுத்திட்ட தாள் அவர் ஃபைலில்தான் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, காட்டிப் பயனில்லை என்று விட்டாரா, தெரியவில்லை. எழுந்தேன்.

"அவர் எங்கிட்ட கேட்டாரு சார். நான் அளவப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். முதல் வரிசைக் கல் வைத்ததுமே, சிரித்துக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பலகையில் படுக்கவைத்து அந்தத் திருப்பத்தில் மூன்று முறை கொண்டுபோய்ப் பார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் அம்மாவோடு படிப்புக்குத் திரும்பினாள். அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொல்ல வந்தார். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. நடந்ததை, கையெழுத்து உட்பட, சொல்லிவிட்டேன்.

அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"கோவம் வருதும்மா. வராம இருக்குமா?" என்றார். பிறகு மகளின் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த ரெண்டு வெரலும் இன்னும் செரியா மடங்கல. தெனம் பயிற்சி குடுக்கணும்னு சொன்னாங்க. இங்க குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

தினமும் வகுப்பு முடிந்ததும் வருகிறாள். மோதிர விரல் இப்போது மடங்குகிறது. சுண்டு விரலுக்குத்தான் இன்னும் நாளாகும்.