வெர்னா கோர்ட்டுக்குப் போன கதை

எங்கள் கான்சாஸ் பக்கத்தில் வெர்னா ஃப்ரீசனைத் தெரியாத பிள்ளையே கிடையாது. இருபது வருஷமாக மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். புருஷன் போனபிறகு அந்தப் பிள்ளைகள்தான் அவளுக்கு எல்லாம். எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் போகணும் என்று பார்ப்பது என் வேலை. அதனால் அவளோடு தினமும் மல்லுக்கட்டுவதும் என் வேலைதான்.

எங்கள் சர்ச் சபை ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. போலீஸ் அபராதச் சீட்டு கொடுத்தால் அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுவார்கள். கோர்ட் படியேறி வாதாடினால் மானம் போச்சாம்! போன வருஷம் வேகமாகப் போனாள் என்று பிடித்தபோது வெர்னாவும் அப்படித்தான் கட்டினாள். இப்போது அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில், சொந்த வண்டியில், வண்டியை முழுசாக நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் பலகையில் நிற்காமல் உருட்டிக்கொண்டே போய் மறுபடி மாட்டினாள்.

"இரு, கட்டிடாதே!" என்று கத்தினேன்.

"ஏண்டி? முந்தி ஒரு தடவை தப்பான இடத்துல வண்டிய நிறுத்தினதுக்குக் கட்டினேனே, அதோட முடிஞ்சுதே?"

"அது நின்ன வண்டி. இது ஓடின வண்டி. பணம் கட்டினா தப்ப ஒத்துக்கிட்டதா அர்த்தம். உன் லைசென்ஸ்ல ஏறிடும். போன வருஷம் ஒண்ணு ஏறியாச்சு. இன்னொண்ணு ஏறினா நம்ம கம்பெனி உன்ன பஸ்ல ஏத்தாது."

அவள் எடுத்த பணத்தை மறுபடி பைக்குள் வைத்தாள்.

எங்களிடம் ட்வேன் என்று ஒரு மாற்று ஓட்டுநர் இருக்கிறான். சொந்த வண்டியை எடுத்தால் பறப்பான். நாலு தடவை பிடித்தார்கள். நாலு தடவையும் வக்கீலோடு போய்க் கேஸைத் தள்ளுபடி செய்யவைத்தான். அவன் லைசென்ஸ் பளிச்சென்று இருக்கிறது. இது எந்த ஊர் நியாயமோ!

வெர்னாவை இழுக்காத குறையாகக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். சீட்டு எழுதிய போலீஸ்காரர் வரவே இல்லை. சாட்சி இல்லாவிட்டால் கேஸ் நிற்காது. "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்று அவள் காதில் ஓதினேன்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

வெர்னா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஒத்துக்கிறேன் ஐயா. நான் நிக்கல."

வெளியே வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன் வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரே ஒரு வார்த்தைடி!"

"வரல, ரூபி. என்ன பண்ணச் சொல்றே?" என்றாள். இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதோம்.

அவள் தடம் ட்வேனுக்குப் போனது. என் கையாலேயே மாற்ற வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் வெர்னாவே சாவியோடு ஷெட்டுக்கு வந்தாள். எந்த வீட்டுப் பிள்ளை தாமதமாக ஓடிவரும், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ட்வேன் சாவியை வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வெர்னாக்கா, என் லைசென்ஸ் எப்படிச் சுத்தமாச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்டா. பிள்ளைங்களுக்குத் தெரியாது" என்று சாவியை அவன் கையில் வைத்து மூடினாள். "அவங்களுக்குத் தெரியவராத மாதிரி ஓட்டு."