அனலைதீவுப் பை போகும் வழி

வேலணையில் தபால் பிரிக்கும் பரிமளம், அனலைதீவுப் பையை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அன்றன்று காலையில்தான் முடிவெடுப்பாள். ஊர்காவற்றுறை வழி கிட்ட. குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவில் வள்ளம் மாறுவது பெரிய சுற்று. இரண்டு துறைகளிலிருந்தும் வரும் முதல் பஸ்களை மறித்து, "வள்ளம் வெளிக்கிட்டதோ?" என்று கொண்டக்டர்களைக் கேட்பாள். நேற்றைய சேதி அவளிடம் செல்லாது.

1971ஆம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் ஐந்து நாளாகப் பை சுற்றிப் போனது. மேலதிகாரி தியாகலிங்கம் விளக்கம் கேட்டு எழுதினார். அவள் பதில் போடவில்லை. ஆறாம் நாளும் சுற்று வழியிலேயே அனுப்பினாள். தண்டனைக் கடிதத்தோடு அவரே வந்து நின்றார். அதை அவள் கைநீட்டி வாங்கவில்லை.

"தேசப்படத்தைப் பாரும். ஊர்காவற்றுறைதான் கிட்ட."

"படத்திலை காத்து அடிக்காது, ஐயா."

"அந்த வழியாலையே அனலைதீவுக்குப் போய்க் காட்டுறன்!" கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பின்னேரம் டெலிபோன் அடித்தது; தியாகலிங்கம்தான். ஊர்காவற்றுறையில் ஒரு வள்ளமும் அசையவில்லையாம். "பிள்ளை, நான் இப்ப எந்த வழியாலை போறது?"

"சட்டைப்பையிலை கிடக்கிற கடிதத்தை முதல் கிழியுங்கோ, ஐயா. கிழிக்கிற சத்தம் எனக்குக் கேக்கோணும். பிறகு வழி சொல்லுறன்."