பின் துளையும் என் சுட்டுவிரலும்

மண்டூரில் நிற்கும், மண் அள்ளும் என் பழைய லோடரின் வாளிக்குப் புதிய ஹைட்ரோலிக் சிலிண்டர்கள் பூட்ட, ஓட்டமாவடியிலிருந்து ஒரு முஸ்லிம் மெக்கானிக் வந்தார்; அண்ணன் என்ற முறையில் 'காக்கா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒடிசலான உடம்பு, எண்ணெய்க் கறை படிந்த தொப்பி. ஸ்பனரைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும், தூக்கி நின்ற வாளிக்கு முட்டுக் கொடுத்த மரக்குற்றியைக் காலால் உதைத்துப் பார்ப்பார். பதினொரு தரம் உதைத்தார். இப்படியெல்லாம் எண்ணுவது என் பழக்கம்.

சிலிண்டர்களை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து எடுப்பித்தவன் நான்தான். முதலாவதைக் கயிற்றில் தொங்கவிட்டோம். அதன் துளையும் வாளியின் துளையும் நேர்க்கு நேர் வந்தன. இரண்டையும் கோக்கும் இரும்புப் பின்னை இறக்குவதுதான் மிச்சம். உண்மையிலேயே நேர்தானா என்று நிச்சயப்படுத்தச் சுட்டுவிரலை உள்ளே விட்டேன்.

அவர் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். நான் கையை இழுத்ததும் சிலிண்டர் சரிந்து, துளை கத்தரிக்கோல்போல் மூடிக்கொண்டது.

"விரலுக்கும் அளவெடுத்து வெச்சிரிக்கிறீங்களா சேர்? புதுசு ஓடர் பண்ணுவமே" என்றார்.

"சரியா இருக்கா எண்டு பார்த்தன், காக்கா."

"பார்க்கத்தான் அல்லாஹ் கண்ணைத் தந்திரிக்கான். விரல் சோறு தின்ன."

ஒரு ஸ்குறூட்றைவரை விட்டு நெம்பித் துளைகளை நேராக்கினார். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். மணிக்கட்டைத் தடவியபடி, "அதுக்கு இவ்வளவு பலமா அடிக்க வேணுமா?" என்று கேட்டேன்.

"மெதுவா அடிச்சிருந்தா, கையை எடுக்காம காரணம் கேட்டிருப்பீங்க."

கேட்டுத்தான் இருப்பேன்.