தங்கராசு அண்ணன் எடுத்த வலைப்படம்

செவ்வாய்க்கிழமை காலை, விடுமுறைக்கு வந்து அரியலூர் வீட்டில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியது தங்கராசு அண்ணனின் மனைவி வளர்மதி அண்ணி. "தம்பி, ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா. காலைல காபி கேட்டாரு, போட்டுட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு." பன்னிரண்டு வருடமாக அவர் பெரம்பலூரில்தான் இருந்தார், அரியலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ். ஒரு தடவைகூட நான் போகவில்லை. அன்றுதான் அந்த பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் லேசர் ஆய்வுக்கூடத்தில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். பெரம்பலூர் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களுக்காக, ஆய்வுக்கூடத்தில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பு மணி அளவில் ஓர் உருண்டை, அதற்குள் ஹைட்ரஜன். நாலாபக்கமும் லேசரால் அடித்தால் அது உள்நோக்கி நசுங்கும். எல்லாப் பக்கமும் சமமாக நசுங்கினால்தான் உள்ளே அணுக்கள் இணையும். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் நடக்கும் கூத்து அது. முடியைவிட மெல்லிய ஓட்டை வழியாக அதை எக்ஸ்ரே படம் எடுப்பது எங்கள் இருவரின் வேலை. "கம்பு மணிய நசுக்கறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று அண்ணி கேட்பார். "நசுக்கறதுக்கு இல்ல, நல்லா நசுங்குச்சான்னு பாக்கறதுக்கு" என்பார் அண்ணன்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் நுண்ணிய கம்பிவலை ஒன்றை வைத்துப் படம் எடுப்பார். கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால்தான் கேமராவை நம்புவார். முந்தைய வெடிப்பில் தெறித்த துணுக்குகள் ஓட்டையை அகலமாக்கியிருக்கலாம் என்பது அவர் பயம். அரைநாள் போய்விடும். "வலை போட வந்துட்டாருய்யா" என்று நாமெல்லாம் கிண்டல் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? "மொதல்ல நம்ம கண்ணு சரியா இருக்கான்னு பாப்போம். பொருளப் பொறவு பாக்கலாம்" என்பார்.

தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் செந்துறைக்குப் போயிருந்த வாரம் அது. நேரம் மிச்சமாகுமே என்று வலைப்படத்தை விட்டுவிட்டேன். அன்றைக்குப் படத்தில் உருண்டை அச்சு அசல் வட்டமாக வந்தது. கூடமே கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் திரும்பி வந்ததும் அதே கேமராவில் வலையை வைத்துப் படம் எடுத்தார். கம்பிகள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. அந்தப் படத்தை என்னிடம் மட்டும் காட்டி, என் கையிலேயே தந்துவிட்டார். "தம்பி, ஓட்டை அகண்டு போச்சு. மேடு பள்ளமா நசுங்கியிருந்தாலும் இதுல உருண்டையாத்தான் தெரியும். நீயே சொல்லிடு. நான் சொன்னா ஒன்னயக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். மூணு நாளு எடுத்துக்க." சரிண்ணே என்றேன். சொல்லவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது.

அந்த வட்டப் படத்தை வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து தன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் வேலையையும் விட்டுவிட்டுப் பெரம்பலூருக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று நீங்கள் கேட்டபோது, "பொறாமைதான், வேறென்ன?" என்று சொன்னது நான்தான். கேமராவின் ஓட்டைத் தகட்டைப் புதிதாக மாற்றிய பிறகு அந்த வட்டம் மறுபடி வரவேயில்லை. லேசரில் கோளாறு என்று நீங்கள் இரண்டு வருடம் தேடினீர்கள். நானும் கூடச் சேர்ந்து தேடுவதுபோல் நடித்தேன், பாவி. அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சில சமயம் அவர்மேல் கோபம்கூட வந்தது. செய்தவன் நான், கோபம் அவர்மேல்!

பெரம்பலூர் வீட்டில் அவரை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். மிகவும் இளைத்திருந்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொங்கலுக்குப் பொங்கல் ஒங்களத்தான் கேப்பாருப்பா. அந்தத் தம்பி ஒரு நாளைக்கு வரும், வந்து பேசும்பாரு. என்ன பேசணும்னு கேட்டா சொல்ல மாட்டாரு" என்றார். அத்தனை பேர் முன்னால் நான் விம்மி அழுதேன். எவ்வளவு பாசம் பாருங்க என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அவர் கையால் தேதி எழுதித் தந்த அந்த வலைப்படத்தைக் கூடத்தின் இயக்குநருக்கு நேற்று அனுப்பிவிட்டேன். நடைவழியில் மாட்டியிருக்கும் வட்டப் படத்தைக் கழற்றிவிடுங்கள். அது பொய். தங்கராசு அண்ணன் பொறாமைக்காரர் அல்ல. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த மூன்று நாள் அவகாசம் ஒன்றுதான். அதை நான் பன்னிரண்டு வருடம் இழுத்தேன், அவரால் கேட்க முடியாமல் போகும்வரை.