டோக்கியோ கடையில் செல்லாத என் "யா"

மகள் அபி ஏழு வயதிலிருந்தே ஒஸ்லோவில் எனக்காகக் கதைத்தவள். டாக்டரிடம், வங்கியில், ஏன், அவளைப் பற்றி ஆசிரியை சொன்னதைக்கூட அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். (எல்லாம் நல்ல செய்தியாகவே வந்தது. பிறகுதான் யோசித்தேன்.) போன ஏப்ரலில் இருவரும் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது ஒரே முடிவோடு போனேன்: அங்கே ஒரு தடவையாவது நான் அவளுக்காகக் கதைக்க வேண்டும்.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டோக்கியோ விடுதிவரை இருபத்திரண்டு மணித்தியாலம். வழி முழுக்க ஒரே பாடம். கடையில் முதலில் "பொயிண்டோ காடோ" என்று ஏதோ கேட்பார்கள். கடையில் புள்ளி சேர்க்கும் பொயின்ற் கார்ட் இருக்கிறதா என்று பொருள். "நை தெசு", இல்லை, என்றால் போதும்.

விடுதிக்குக் கீழே இருந்த கடையில் கறிச்சோறு எடுத்தோம், ஒன்று 550 யென். காசாளர் பெண் அதையே கேட்டாள். மொழிபெயர்க்க அபி போனை எடுத்தாள்.

"நீ பேசாமல் நில் பிள்ளை, நான் கதைக்கிறன்."

"நை தெசு" என்றேன். காசாளர் பெண் தலை குனிந்து வணங்கினாள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். அவள் மைக்ரோவேவைக் காட்டி இன்னொன்று கேட்டாள். சூடாக்கத்தானே, ஓம் என்று சொல்ல நினைத்தேன். வந்தது நோர்வேக்காரரின் "யா". அவர்கள் அதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். முப்பது வருசத்தில் எனக்கும் ஒட்டிவிட்டது. ஜப்பானில் அப்படி மூச்சை இழுத்தால் சங்கடம், வேண்டாம் என்று அர்த்தமாம். அவள் பதறிப்போய்ச் சோற்றைச் சூடாக்காமலே திருப்பி வைத்தாள். பை? மூச்சிழுத்தேன். பை இல்லை. கரண்டி? அதுவும் இல்லை.

"அப்பா, எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

பக்கத்துப் பூங்கா வாங்கில் உட்கார்ந்து குளிர்ந்த கறிச்சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிட்டோம். அபி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனிப் போனைத்தான் நம்புவாள் என்று நினைத்தேன்.

போகிறவர்களுக்கு: கார்டுக்கு "நை தெசு". சூடு, கரண்டி, ஐந்து யென் பை வேண்டுமென்றால் "ஒனெகாய் ஷிமாஸ்", தயவுசெய்து தாருங்கள். மூச்சை வெளியே விட்டே சொல்லுங்கள்.

மறுநாள் காலை அதே கடை, அதே பெண். அவள் அபியைப் பார்த்துத்தான் கேட்டாள். அபியின் கையில் போன் இருந்தது. அதைப் பைக்குள் வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்கள் கதையுங்கோ அப்பா, எனக்கு விளங்காது."

அவளுடைய ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு கவுண்டரிலும் நான் அவளுக்குச் சொன்னது அது.